பணிவிலகல் கடிதம் கேட்டு வற்புறுத்தினால் என்ன செய்ய வேண்டும்?

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் ஆட்குறைப்பு பெரும்பாலும் பணிநீக்க ஆணையாக வருவதில்லை. சிறிய கூட்ட அறைக்கு அழைக்கிறார்கள். தேதி மட்டும் நிரப்பப்படாத ராஜினாமா கடிதம் மேசைமேல் இருக்கிறது. "நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் சிக்கல் வராது, மாலைக்குள் முடித்துவிடுங்கள்" என்று மனிதவளத் துறையினர் கனிவாகவே சொல்கிறார்கள். அந்தக் கனிவை நம்பித்தான் பலர் கையெழுத்திட்டு விடுகிறார்கள்.

முதல் படி: கையெழுத்திடாதீர்கள். "படித்துப் பார்த்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம், காரணம் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தருவதோடு, பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். நீங்களே விலகியதாகக் கடிதம் இருந்தால் இந்தக் கடமைகள் எதுவும் நிறுவனத்துக்கு இல்லை. கடிதத்தை அவர்கள் இவ்வளவு அவசரமாகக் கேட்பது இதனால்தான்.

இரண்டாம் படி: அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று பிற்பகல் 3 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னைப் பணிவிலகல் கடிதம் தருமாறு கேட்டீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை, பணியைத் தொடர விரும்புகிறேன்" என்ற அளவே போதும், கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், பணி மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கோப்புகளை மட்டும் தொடாதீர்கள், ஏனெனில் அதையே குற்றச்சாட்டாக்கி உங்களை வெளியேற்ற வழி கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: வழக்கம்போல் வேலைக்குச் செல்லுங்கள். அடையாள அட்டையை முடக்கிவிட்டால், வாயிலில் நின்றபடியே நேரத்தைக் குறிப்பிட்டு, உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்று எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால், தகவல் தராமல் வேலையைக் கைவிட்டுப் போனதாகப் பின்னர் சொல்வார்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டீர்களா? மனம் உடைய வேண்டாம். விலகல் நடப்புக்கு வரும் முன், அதைத் திரும்பப் பெறுவதாக உடனே எழுதுங்கள். மிரட்டியோ தகாத செல்வாக்கைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதத்தை ரத்து செய்யக் கோர 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு இதைச் சொன்னால் நம்பவைப்பது கடினம்.

அடுத்த படி தொழிலாளர் துறை. பணியிலிருந்து நீக்கப்பட்டால் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாட்களில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்தை அணுகலாம், நீக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி தொழிலாளர் ஆகமாட்டார்கள். ஆயினும் உங்கள் பதவியின் பெயரில் 'மேனேஜர்' என்று இருப்பதை மட்டும் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள்; அன்றாடம் நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ஆகவே மனுவில், விலகச் சொன்ன நாள், நேரம், சொன்னவரின் பதவி ஆகியவற்றோடு உங்கள் அன்றாட வேலையையும் விவரமாக எழுதி, அன்று மாலை அனுப்பிய மின்னஞ்சலின் நகலை முதல் ஆவணமாக இணையுங்கள்.