நாற்பது வயதுக்கு மேல் பென்சில் பிடிப்பவர்களுக்கு: ஒரு செம்பு, அறுபது படங்கள்

நாற்பத்து மூன்றாவது வயதில் பாளையங்கோட்டையில் ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்கு ஒன்பது வயது. ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே கிளிப் படத்தைக் கொடுத்துப் பார்த்து வரையச் சொன்னார். பையன் பத்து நிமிடத்தில் கிளியை முடித்து, அதன் வாயில் ஒரு மிளகாயும் வைத்துவிட்டான். நான் அலகைத் தாண்டவில்லை. மூன்றாம் மாதம் நின்றுவிட்டேன்.

அந்தப் பையனுக்குக் கண்ணும் கையும் ஒரே வயது. நமக்குக் கண் நாற்பது ஆண்டு படம் பார்த்துப் பழகியது; கையோ மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டது. கை போடும் கோட்டைக் கண் ஏளனம் செய்கிறது, நாம் நோட்டை மூடிவிடுகிறோம். இரண்டாம் முறை தொடங்கியபோது கைக்கு ஏற்ற இலக்கு வைத்தேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஆசையை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

"நன்றாக வரைய வேண்டும்" என்பது ஆசை. அது நிறைவேறிவிட்டதா என்று எந்த நாளிலும் சொல்ல முடியாது. "பன்னிரண்டு வாரத்தில் அறுபது செம்பு வரைவேன்" என்றால் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து படம், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், அவ்வளவுதான். படம் எப்படி வந்தாலும் எண்ணிக்கையில் சேரும்.

காலண்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் 'நல்ல படம்' என்றால் பளபளக்கும் முருகனும் லட்சுமியும்தான். அந்தப் பாணிக்குப் பெரும் பங்களித்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு. அவ்வூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவர் சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அத்தனை உழைப்புக்குப் பின் வந்த முடிந்த படத்தை நம் முதல் வாரத்துச் செம்போடு ஒப்பிட்டு மனம் உடைவது என்ன நியாயம்?

படி 2: பொருட்கள்

ஒரு கோடில்லா நோட்டு, 2பி, 4பி பென்சில்கள், ரப்பர், ஷார்ப்பனர் போதும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எச்பி பென்சில் கடினமானது. இருட்டு வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். வண்ணம் இப்போது வாங்காதீர்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய அக்ரிலிக் டியூப்கள் திறக்காமலே கல்லாகிப் பீரோவில் கிடக்கின்றன.

படி 3: செம்பு

வீட்டில் இருக்கும் எந்தச் செம்பும் சரிதான், பித்தளையோ எவர்சில்வரோ. எவர்சில்வரில் உங்கள் முகமே தெரிந்து தொல்லை தரும். பழைய பித்தளை நல்லது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும்படி மேசையில் வையுங்கள்.

முதலில் வரையாமல் ஒரு சோதனை செய்யுங்கள். செம்பைக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள்: வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்: கோடு திறந்து நீள்வட்டமாகும். இன்னும் இறக்கினால் அது வட்டத்தை நோக்கி விரியும். மேசை மேல் இருக்கும் செம்பின் அடி, வாயைவிடக் கண் மட்டத்திலிருந்து கீழே இருக்கிறது. ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். நாமோ மேசை தட்டைதானே என்று அடியில் நேர்கோடு இழுத்துவிடுகிறோம். செம்பு மேசைக்குள் பாதி புதைந்ததுபோல் ஆகிவிடும். என் முதல் பதினோரு செம்புகளும் புதைந்தவைதான்.

இன்னொரு பிழை வாயின் இரு ஓரங்கள். எல்லோரும் அங்கே மீன் வால்போலக் கூர்மையாக்குவோம். நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் வளைந்துதான் திரும்பும். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் முழங்கையிலிருந்து கையைச் சுழற்றிக் காற்றில் நான்கு சுற்று சுற்றிவிட்டுப் பென்சிலைத் தாளில் இறக்குங்கள். கோடு இரண்டு மூன்றாக விழட்டும், அழிக்க வேண்டாம்.

அளவு எடுக்க: கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையைச் செம்பின் ஒரு விளிம்பிலும் கட்டைவிரல் நகத்தை மறு விளிம்பிலும் வையுங்கள். வயிற்றின் அகலம் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் கணக்கு தப்பிவிடும்.

கழுத்துதான் கடினம். அங்கே செம்பைப் பார்க்காதீர்கள்; கழுத்துக்கும் வயிற்றுக்கும் இடையே வெளியே தெரியும் சுவரின் துண்டைப் பாருங்கள். அந்த வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்தால் கழுத்து தானாக வந்து நிற்கும்.

தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து செம்பு வரைந்துகொண்டிருந்தபோது, குளித்துவிட்டு ஏறி வந்த ஓர் ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏ பிள்ளை, இதில் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். செம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து முதலில் நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். முடித்ததும் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறேன். சாய்வு உடனே கண்ணில் குத்தும்.

படி 4: கணக்கு

ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, எண், ஒரு வரி. "அழகாக இல்லை" என்று எழுதாதீர்கள். "வாயின் வலது ஓரம் கூர்மை" என்று எழுதுங்கள். கோயில் கொடைவிழாவோ கல்யாணமோ வந்தால் ஒரு வாரம் போய்விடும். போகட்டும். விட்ட ஐந்தையும் ஒரே இரவில் வரைந்து ஈடுகட்ட முயன்றால் மறுவாரமும் போய்விடும்; அனுபவித்திருக்கிறேன்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் புரட்டி அந்த ஒற்றை வரிகளை மட்டும் படியுங்கள். எந்தப் பிழை அதிகம் வந்திருக்கிறதோ, அடுத்த நான்கு வாரத்துக்கு அதுதான் இலக்கு. எனக்கு முதல் மாதம் அடி வளைவு, இரண்டாம் மாதம் நிழல். நிழலைப் பற்றி ஒரே குறிப்பு: கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், சின்ன மினுக்கங்கள் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும்.

படி 5: மாதம் ஒரு பயணம்

ஒன்பதாவது வாரம் வாக்கில் செம்பு சலித்துவிடும். அப்போது நோட்டோடு வெளியே போங்கள். திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பேர்பெற்றது. அங்கே முழு உருவத்தை வரைய முயலாதீர்கள். ஒரு கையை, அதன் வளையலோடு, வரைந்தால் போதும். வளையலும் ஒரு நீள்வட்டம்தான். கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அதன் வளைவு சொல்லிவிடும். கல்லில் நரம்பும் நகமும் செதுக்கிய ஒருவனின் கண் எங்கே நின்றது என்று பென்சில் போகப் போகத் தெரியும். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியாது.

சுவர் ஓவியம் பார்க்க வேண்டுமானால் குற்றாலம் சித்திர சபையும், திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்தளங்களும் இருக்கின்றன. கோபுரத்தில் ஏற அனுமதி வேண்டும். முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே இருட்டு, வரைவது சிரமம். பார்த்துவிட்டு வந்து வீட்டில் நினைவிலிருந்து ஓர் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் போட்டுப் பாருங்கள்.

வகுப்பில் சேரலாமா என்று கேட்பீர்கள். சேரலாம். ஆனால் உங்கள் அறுபது செம்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இதில் என்ன பிழை?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் சேருங்கள். கிளிப் படத்தை நீட்டுபவரிடம் வேண்டாம்.

எனக்கு இப்போது செம்பு முடிந்து பாலம் நடக்கிறது. வண்ணார்பேட்டைப் பக்கத்து ஆற்றங்கரையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணம் போட்டு எழுப்பி, 1843இல் திறந்த பாலம். பன்னிரண்டு வாரத்தில் முப்பது படம் என்று காலண்டரில் குறித்திருக்கிறேன். தண்ணீர் அசையாத காலை நேரத்தில் வளைவும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரு செம்பின் வாய்போல நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தூரப் போகப் போக அது ஒடுங்கும். நான்காவது வளைவின் ஓரத்தை நேற்றும் கூர்மையாக்கிவிட்டேன்.