கல்யாண டிவிடியை எம்பி4 கோப்பாக மாற்றுவது எப்படி?

2000-களில் கல்யாணம் ஆனவர்கள் வீட்டு பீரோவில், ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிவிடி இரண்டு மூன்றாவது கிடக்கும். அந்த டிவிடி-ஆர் தட்டில் படம் பதிந்திருப்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுத்துவிடும். தட்டு ஓடுகிற நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கவோ இரவல் வாங்கவோ வேண்டும்.

முதலில் தட்டைத் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது பதிவின் போக்கிலேயே நீண்டு, படிக்கவே முடியாமல் போகும். குறுக்காக விழுந்த சின்னக் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

அடுத்தது, தட்டை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுப்பது. நேரே எம்பி4-க்குப் போகத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வேண்டாம். இந்த நகல்தான் உங்கள் அசல். நாளைக்கு வேறு வடிவம் தேவைப்பட்டாலும் தட்டைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. விண்டோஸில் இம்ஜ்பர்ன், மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டி போதும். ஒரு அடுக்குத் தட்டு என்றால் 4.7 ஜிபிக்குள் அடங்கிவிடும். பாதியில் பிழை காட்டினால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் அடம்பிடிக்கும் தட்டு இன்னொன்றில் ஓடுவது உண்டு. அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அப்புறம்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து மல்லுக்கட்டும்.

சரி, இனி ஹேண்ட்பிரேக். ஐஎஸ்ஓவை எம்பி4 ஆக்கித் தரும் இலவச மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் பொத்தானை அழுத்தி ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுங்கள். டைட்டில் பட்டியலில் நீளமானதுதான் பெரும்பாலும் முழுப்படம். நம் ஊர் டிவிடி பெரும்பாலும் பால் (PAL) எனும் டிவி முறையில், 720×576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமாக இருக்கும். அதனால் 'ஃபாஸ்ட் 576பி25' பிரீசெட் (தயாராக இருக்கும் அமைப்பு) சரியாகப் பொருந்தும். 1080பி தேர்ந்தெடுப்பதால் தெளிவு கூடாது. தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 20-ல் வையுங்கள்; எண் குறையக் குறைய தரமும் கோப்பின் அளவும் கூடும்.

ஃபில்டர்ஸ் பக்கத்தை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வீடியோ கேமராவில் எடுத்த படத்தில் யாராவது வேகமாகக் கையை ஆட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். டீஇன்டர்லேஸ் இடத்தில் யாடிஃப் தேர்ந்தெடுத்தால் அது போய்விடும். அதிலேயே பிரீசெட்டை 'பாப்' (Bob) என்று வைத்து, ஃபிரேம் ரேட்டை 50 ஆக்கினால் நாதஸ்வரக்காரர் விரலோட்டம்கூட வழுவழுவென்று வரும். பிறகு ஸ்டார்ட் என்கோட்.

முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். ஒரு அடுக்கு டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் போகும். விரல் படுவதும் உரசுவதும் வெளி ஓரத்தில்தான். அதனால் முகூர்த்தம் நன்றாக ஓடி, வரவேற்பு உறைந்து நிற்கக்கூடும். எல்லாம் சரியென்றால் ஐஎஸ்ஓ, எம்பி4 இரண்டையும் வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டில் போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை அம்மா வீட்டிலும் வையுங்கள்.