03/04/2025 மார்ச்சா, ஏப்ரலா? வெளிநாட்டுத் தேதிகளைக் குழப்பமில்லாமல் படிக்க, எழுத

03/04/2025 என்று ஒரு தேதியைப் பார்த்தால் நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். அமெரிக்காவில் இருப்பவர் மார்ச் 4 என்று படிப்பார். இரண்டு பேருக்குமே சந்தேகம் வராது, அதுதான் இதில் பெரிய ஆபத்து. 25/04/2025 என்றால் 25-வது மாதம் கிடையாது என்பதால் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். நாள், மாதம் இரண்டுமே 12-க்குள் வரும்போதுதான் சிக்கல். அப்படிப்பட்ட தேதிகள் வருடத்துக்கு 144. அதில் 1/1, 2/2 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் 12 நாட்களைக் கழித்தால் 132, அதாவது வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். விமான டிக்கெட், விசா நேர்காணல், சரக்கு அனுப்ப வேண்டிய கெடு என எது வேண்டுமானாலும் இந்த 132-க்குள் வந்து விழலாம்.

முதலில் யார் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி, தென் அமெரிக்கா எல்லாம் நாள், மாதம், வருடம் என்ற வரிசை. நடுவில் வரும் குறிதான் நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில் புள்ளி, நெதர்லாந்தில் சிறு கோடு, பிரான்சில் சாய்கோடு. ஆனால் குறியை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்துவிடாதீர்கள், தமிழ்நாடு அரசுக் கடிதங்களிலும் புள்ளிதான் போடுகிறார்கள்.

மாதத்தை முதலில் எழுதுவதில் முக்கியமான நாடு அமெரிக்கா. பிலிப்பைன்ஸிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் பேசும்போதும் மாதத்தைத்தான் முதலில் சொல்வார்கள், எழுத்தும் அதே வழியில் போகிறது. நம் செய்தித்தாள்களில் இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். நியூயார்க் தாக்குதலை 9/11 என்கிறோம், அது 2001 செப்டம்பர் 11. மும்பை தாக்குதலை 26/11 என்கிறோம், அது 2008 நவம்பர் 26. பழகிப்போனதால் நமக்கு இது உறுத்துவதில்லை. ஒரு ஜெர்மானியருக்கு 9.11. என்று எழுதிக் காட்டினால் அவருக்கு அது நவம்பர் 9, 1989-இல் பெர்லின் சுவர் திறந்த நாள்.

சீனா, ஜப்பான், கொரியா, ஹங்கேரி, லிதுவேனியா, ஸ்வீடன் போன்ற நாடுகளில் வருடம் முதலில், பிறகு மாதம், கடைசியில் நாள். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமும் இதே வரிசைதான், 1988-இல் வெளியானது, அதன்படி எழுதினால் 2025-04-03. என்னைக் கேட்டால் எண்ணால் மட்டுமே எழுத வேண்டிய இடத்தில் இதைவிட நல்ல முறை கிடையாது, ஏனென்றால் நான்கு இலக்க வருடம் முன்னால் வந்துவிட்டால் அடுத்து வருவது மாதம்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். வருடத்தை இரண்டு இலக்கமாகச் சுருக்கும்போதுதான் இந்த முறையும் கெட்டுப்போகிறது. ஜப்பானிலிருந்து வரும் தின்பண்டப் பாக்கெட்டில் 25.11.08 என்று அச்சடித்திருந்தால் அது 2025 நவம்பர் 8. நாம் பார்த்தால் 2008-இலேயே காலாவதியானது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

கனடா ஒரு தனிக் கதை. பிரிட்டிஷ் வழக்கம், அமெரிக்க வழக்கம், வருடம் முதலில் வரும் வழக்கம் மூன்றும் அங்கே கலந்து ஓடுகின்றன, எனவே அங்கிருந்து வரும் எண்தேதியை ஊகித்துப் படிக்காதீர்கள். உணவுப் பொட்டலங்களில் மட்டும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் பொதுவாக மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறியீடு வைத்திருக்கிறார்கள். அதில் எம்.ஏ. என்றால் மார்ச் இல்லை, மே. மார்ச்சுக்கு எம்.ஆர். ஜனவரிக்கு ஜே.ஏ., ஜூனுக்கு ஜே.என்., ஜூலைக்கு ஜே.எல். கனடாவில் புதிதாகக் குடியேறியவர்கள் இதை ஒருமுறை மனதில் போட்டுக்கொள்வது நல்லது.

சில நாடுகளில் வருடமே வேறு. தாய்லாந்தில் 2568 என்றிருந்தால் 543-ஐக் கழியுங்கள், 2025 வரும். தைவானில் 114 என்றிருந்தால் 1911-ஐக் கூட்டுங்கள். ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ரெய்வா 7-உம் அதே 2025-தான், 2018-ஐக் கூட்ட வேண்டும். நம் அரசுக் கடிதங்களில் வரும் திருவள்ளுவர் ஆண்டும் இப்படித்தான், 2056-இல் 31-ஐக் கழித்தால் சரி. ஆனால் நேபாளம், ஈரான், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் தேதிகளுக்கு இந்தக் கணக்கு போதாது, அங்கே மாதங்களும் வேறு, எத்தியோப்பியாவில் மாதமே 13. அவற்றை அந்தந்த நாட்டு நாட்காட்டி மாற்றியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கையில் சந்தேகமான ஒரு தேதி இருக்கிறது, எப்படிப் படிப்பது? அதே ஆவணத்தில் இருக்கும் மற்ற தேதிகளைத் தேடுங்கள். எங்காவது 12-க்கு மேல் ஒரு எண் இருந்தால் அது நாள், அதன் இடத்தை வைத்து வரிசை தெரிந்துவிடும். கிழமை எழுதியிருந்தால் இன்னும் சுலபம்: 2025 ஏப்ரல் 3 வியாழக்கிழமை, மார்ச் 4 செவ்வாய்க்கிழமை. இரண்டும் இல்லையென்றால் அனுப்பியவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது “03/04 தானே?” என்று கேட்டால் அவர் ஆமாம் என்பார், குழப்பம் அப்படியே இருக்கும். “ஏப்ரல் 3 தானே?” என்று மாதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எழுதும்போது மனிதர் படிக்கப்போகும் எதிலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், வருடத்தை நான்கு இலக்கமாக எழுதுங்கள். படிவமாக இருந்தால் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வரிசை போட்டிருப்பார்கள், உங்கள் பழக்கத்தை விட்டுவிட்டு அதன்படியே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டாவது வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்த ஆறு எண்கள் உங்கள் பிறந்த தேதி, வருடம் முன்னால் வரும். 1990 ஏப்ரல் 3-இல் பிறந்தவருக்கு 900403. எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அந்த வரியில் இதே வரிசைதான்.

கணினிதான் அதிகம் கவனிக்க வேண்டிய இடம், ஏனென்றால் அது கேட்காமலே முடிவு செய்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) இந்திய அமைப்பில் உள்ள கணினியில் எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், 03/25/2025 போன்றவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், 03/04/2025 போன்றவை ஏப்ரல் 3 ஆக மாறி வலப்பக்கம் போய் நிற்கும். ஒரே பத்தியில் தேதிகள் பாதி இடமும் பாதி வலமுமாக நின்றால் அதுதான் அறிகுறி. இடப்பக்கம் நிற்பவற்றை நீங்கள் கவனித்துவிடுவீர்கள், வலப்பக்கம் நிற்பவைதான் தவறாக மாறியவை. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராமல் மூலக் கோப்புக்கே திரும்புங்கள். புதிய ஷீட்டில் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டுத் தேதிகளை ஒட்டுங்கள், அப்புறம் டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் மூன்றாவது படியில் டேட் என்பதில் எம்.டி.ஒய். (மாதம், நாள், வருடம்) தேர்ந்தெடுங்கள். அங்கே கேட்பது வந்த கோப்பில் தேதி எந்த வரிசையில் இருக்கிறது என்பதை, உங்களுக்கு எப்படி வேண்டும் என்பதை அல்ல. பலர் தடுமாறுவது இங்கேதான். கூகுள் ஷீட்ஸ் என்றால் கோப்பை உள்ளே எடுப்பதற்கு முன்பே ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை, அதாவது நாட்டு அமைப்பை, அமெரிக்காவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோப்புப் பெயர்களில் 2025-04-03 என்று முன்னால் போட்டுவிட்டால் பெயர்வரிசையே தேதிவரிசையாக அமைந்துவிடும். சாய்கோடு வேண்டாம், விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது. மாதமோ நாளோ ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் சுழியம் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும் இடங்களில் அக்டோபர் கோப்பு பிப்ரவரிக்கு முன்னால் போய் நிற்கும்.