எதிர்பார்த்தது ஒன்று, எண்ணியது ஒன்று: கை-வர்க்கச் சோதனையைக் கையால் செய்து பார்ப்போம்

ஒரு கோட்பாடு இத்தனை வர வேண்டும் என்கிறது. எண்ணிப் பார்த்தால் சற்றுக் கூடவோ குறையவோ வருகிறது. அந்த வித்தியாசம் தற்செயலா, கோட்பாட்டிலேயே கோளாறா? இதற்கு விடை காண 1900-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தந்த வழிதான் கை-வர்க்கச் சோதனை. கணினி நொடியில் போட்டுத் தந்துவிடும் என்றாலும், ஒருமுறையாவது தாளில் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் இது மனத்தில் நிற்கும்.

படி 1: எண்ணியதை எழுதுங்கள்

மரபியலின் முன்னோடியான மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வை எடுத்துக்கொள்வோம். கலப்பினச் செடிகளில் விளைந்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையாக இருந்தன. 1,850 சுருக்கம் விழுந்திருந்தன. இவை கண்டறிந்த நிகழ்வெண்கள்.

படி 2: எதிர்பார்ப்பதைக் கணக்கிடுங்கள்

உருண்டையும் சுருக்கமும் 3:1 விகிதத்தில் வரும் என்பது நம் எடுகோள். 7,324-இல் முக்கால் பங்கு 5,493. கால் பங்கு 1,831. இரண்டையும் கூட்டினால் மீண்டும் 7,324 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள், பிழையைத் தேடுங்கள். எதிர்பார்க்கும் நிகழ்வெண் பின்னமாக வந்தால் கவலை வேண்டாம். அதை முழு எண்ணாக்கக் கூடாது.

படி 3: வித்தியாசத்தை அளவிடுங்கள்

உருண்டை விதைகளில் 19 குறைவு, சுருங்கியவற்றில் 19 கூடுதல். அப்படியே கூட்டினால் சுழியம்தான் வரும். எந்தத் தரவிலும் இதே கதைதான். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்குகிறோம்: 361. பிறகு அந்தந்த எதிர்பார்ப்பால் வகுக்கிறோம்.

361 ÷ 5,493 = 0.066
361 ÷ 1,831 = 0.197

இரண்டும் சேர்ந்து 0.263. இதுவே கை-வர்க்க மதிப்பு.

சோதனையின் உயிர் அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. ஐயாயிரத்தை எதிர்பார்த்த இடத்தில் 19 தவறுவது பெரிய விஷயமே இல்லை. இருபதை எதிர்பார்த்த இடத்தில் 19 தவறினால் ஏதோ நடந்திருக்கிறது. எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தால் தற்செயலான ஏற்ற இறக்கமும் பெரிதாகவே இருக்கும். அதைக் கணக்கில் கொள்ளவே வகுக்கிறோம்.

படி 4: அட்டவணையோடு ஒப்பிடுங்கள்

மொத்தம் தெரிந்த பிறகு, உருண்டையின் எண்ணிக்கை கிடைத்தால் சுருங்கியதும் தானாகக் கிடைத்துவிடும். ஆக, கட்டின்றி மாறக்கூடியது ஒன்றே ஒன்று. பொதுவாக வகைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் போதும். கை-வர்க்க அட்டவணையில் இந்த ஒன்றுக்கு உரிய எல்லை மதிப்பு, 5 சதவீத மட்டத்தில், 3.84. எடுகோள் சரியாக இருந்தால், நூறில் ஏறக்குறைய ஐந்து முறைதான் கை-வர்க்க மதிப்பு இதைத் தாண்டும். நம்முடையது 0.263. எடுகோளைத் தள்ள எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 3:1 நிரூபணமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். தரவு அதற்கு முரணாக இல்லை என்பது மட்டுமே இங்கே தெரிகிறது.

இனி எல்லையைத் தாண்டும் ஒரு கணக்கு. வெல்டன் என்ற ஆங்கில விலங்கியலாளர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய விவரத்தைப் பியர்சன் தம் 1900-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஆராய்ந்தார். விழுந்த 3,15,672 முகங்களில் 5 அல்லது 6 வந்தது 1,06,602 முறை. நேர்மையான பகடையானால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 வர வேண்டும். வித்தியாசம் 1,378. மேலே செய்தபடியே செய்தால் 18.05 + 9.02 = 27.07. 3.84 எங்கே, இது எங்கே! அந்தப் பகடைகள் ஒருபக்கம் சாய்ந்தவை என்று துணிந்து சொல்லலாம்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடத்தையும் இதே தரவு காட்டித் தருகிறது. எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போடுங்கள்: கண்டது 33.77, எதிர்பார்த்தது 33.33. கை-வர்க்கம் 0.01-ஐக்கூட எட்டாது! மூன்று லட்சம் முகங்களைப் பார்த்த உழைப்பு நூறு முகங்களாகச் சுருங்கிவிடுகிறது. எனவே சூத்திரத்துக்குள் எப்போதும் எண்ணிக்கைதான் போக வேண்டும்.

எதிர்பார்க்கும் நிகழ்வெண் எந்த வகையிலாவது 5-க்குக் கீழே போனால், பொருந்தக்கூடிய அண்டை வகையோடு சேர்த்துவிடுவது வழக்கம்.

இரண்டு பண்புகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கவும் இதே முறைதான். எதிர்பார்ப்பைக் கண்டுபிடிப்பது மட்டும் மாறும்: ஒரு பண்பை வரிசைகளிலும் மற்றதை நிரல்களிலும் வைத்து எண்ணிக்கைகளை அட்டவணையாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் வரிசை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும். கட்டின்றி மாறுபவை எத்தனை என்பதற்கு, வரிசைகளிலிருந்து ஒன்றையும் நிரல்களிலிருந்து ஒன்றையும் கழித்துப் பெருக்குங்கள். இரண்டு வரிசை, இரண்டு நிரல் என்றால் விடை 1. நான்கு கட்டங்கள் இருப்பதால் 3 என்று தோன்றுவது இயல்பு. பியர்சனே அப்படித்தான் கொண்டார். 1922-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர்தான் அதைத் திருத்தினார்.