ஸ்டெம் செல் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தொண்டிப் பக்கம் கடல் உயிர்களை வைத்து ஸ்டெம் செல் ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் வருடா வருடம் கூடுகிறார்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் தரவைத் திறந்தால், இந்தத் துறைக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பேக்கப் எடுங்கள், செல் வளர்ப்பில் புகுந்துகொள்ளும் மைகோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கன்ட்ரோல் (ஒப்பிட வைக்கும் மாதிரி) ஒரு பருவத்தில், சோதனை வேறு பருவத்தில்

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரவழைப்பது இதுதான். பணமும் போகும், ஒரு வருட உழைப்பும் போகும்.

கடற்பஞ்சு அருமையான ஆய்வு உயிர். 1907-லேயே ஹெச். வி. வில்சன் பஞ்சைத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கிக் காட்டினார். அந்தச் செல்கள் மறுபடி ஒன்றுகூடிப் பஞ்சாயின. பஞ்சின் ஆர்க்கியோசைட்டுகள் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள். ஒரு குழு இதைத்தான் கையில் எடுத்தது. வெட்டாத பஞ்சு ஒரு பக்கம், வெட்டி, மறுபடி வளர விட்டு 7 நாள் ஆன பஞ்சு ஒரு பக்கம். இரண்டிலும் ஒற்றைச்செல் ஆர்என்ஏ சீக்வென்சிங், அதாவது ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று படிப்பது. நல்ல கேள்வி.

ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்துத் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா கொந்தளித்தது. அதனால் வெட்டாத பஞ்சை வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) எடுத்து, லைப்ரரி (சீக்வென்சிங்குக்குத் தயார் செய்த மாதிரி) செய்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த தவணைப் பணம் வரக் கார்த்திகை ஆயிற்று. அப்போது வாடை (வடகிழக்குக் காற்று), வடகடலில் இறங்க முடியாது. ஆகவே வெட்டுவதற்கான பஞ்சு தென்கடலிலிருந்து வந்தது. கிட் வேறு, செல் பிரித்த ஆள் வேறு, சீக்வென்சிங் ரன்னும் வேறு.

ஒத்த செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைக்கும் யூமேப் படத்தில் இரண்டு கூட்டம் பளிச்சென்று பிரிந்து நின்றது. புது ஸ்டெம் செல் கூட்டம் கிடைத்துவிட்டது என்று காட்டினார்கள். ஜீன் பட்டியலைக் கீழே இறக்கிப் பார்த்தேன். மேல்வரிசை முழுக்க ஹெச்எஸ்பி70 வகையறா. வெப்பம் மாறினாலும் ஏறும், உப்பு மாறினாலும் ஏறும், தொட்டியில் அலைக்கழித்தாலும் ஏறும் ஜீன்கள் அவை. கச்சான் காலத்துத் தண்ணீரும் வாடைத் தண்ணீரும் ஒன்றல்ல என்று பாம்பனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு, தனித்தனியே செய்த ரன்களின் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஹார்மனி மென்பொருளை ஓட்டினார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிட்டது, வித்தியாசமே இல்லை. முதல் படம் சரியா, இரண்டாவது சரியா என்று கேட்டார்கள். அந்தத் தரவிலிருந்து யாராலும் பதில் சொல்ல முடியாது. வெட்டு, கடல், பருவம், ரன் எல்லாம் சேர்ந்தே மாறியிருந்தால், எது எதனால் வந்தது என்று எந்த மென்பொருளும் பிரித்துத் தராது.

ஜீன் அளவுகளை ஒப்பிடும் டெசீக்2 மென்பொருள் இதைச் சொல்லாமலும் இல்லை. ஃபார்முலாவில் பேட்சையும் (எந்த மாதிரி எந்தத் தொகுதியில் போனது என்பதையும்) சேர்த்து ஓட்டினால், மாடல் மேட்ரிக்ஸ் ஃபுல் ரேங்க் இல்லை, அதாவது இரண்டின் விளைவையும் பிரிக்க முடியாது என்று அடம்பிடித்து நின்றுவிடும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பேட்ச் என்ற சொல்லை அழித்துவிட்டு மறுபடி என்டர் தட்டுகிறார்கள். உடனே முக்கியமான ஜீன்கள் என்று ஒரு நீளப் பட்டியல் கொட்டுகிறது. அதை வைத்து ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை அழிக்காதீர்கள்.

மறுவளர்ச்சி ஆய்வில் இந்தக் கண்ணி இயல்பாகவே இருக்கிறது. நாள் 0 முதலில் வரும், நாள் 7 பிறகுதானே வரும்? அதனால் செல் எடுக்கும் நாளை ஒன்றாக வைத்துக்கொண்டு, வெட்டும் நாளை முன்னே பின்னே தள்ளுங்கள். ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த பஞ்சுகளைத் தொட்டியில் பழக்குங்கள். ஒரு பங்கை இந்த வெள்ளி வெட்டுங்கள், இன்னொரு பங்கைச் செவ்வாயன்று வெட்டுங்கள், மிச்சத்தை வெட்டாமல் விடுங்கள். அடுத்த வெள்ளி காலையில் மூன்று பங்கிலும் சேர்த்துச் செல் பிரியுங்கள். இதையே வேறு பருவத்தில் திரும்பச் செய்தால் கச்சானும் வாடையும் கணக்கில் தனியே கழிந்துவிடும். ஒரே காலையில் முடியாதென்றால் செல்களை மெத்தனாலில் நிலைப்படுத்தி வைத்து, லைப்ரரியையாவது ஒன்றாகச் செய்யுங்கள். கரண்ட் போய் எந்தத் தொட்டியில் ஏரேட்டர் நின்றது என்பதையும் மெட்டாடேட்டாவில் எழுதுங்கள்.

செல்லை மாதிரியாக எண்ணுவது

மூன்று பஞ்சு, தலா மூவாயிரம் செல் என்றால் மாதிரி மூன்றுதான், ஒன்பதாயிரம் அல்ல. ஒரே பஞ்சின் செல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. செல்களின் எண்ணிக்கைகளைப் பஞ்சு வாரியாகக் கூட்டி, பஞ்சுக்கு ஒரே மாதிரியாக (சூடோபல்க்) ஆக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

யூமேப்பில் தூரம் அளப்பது

அளக்காதீர்கள்.

செல் பிரிக்கும்போது ஏறும் ஜீன்கள்

எலியின் தசை ஸ்டெம் செல்லில் 2017-லேயே காட்டிவிட்டார்கள்: செல் பிரிக்கும் வேலையே ஃபாஸ், ஜுன் ஜீன்களை ஏற்றிவிடும். அவற்றைக் கண்டதும் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள்.

பிளாஸ்டின் முதல் வரியை நம்புவது

யமனாகா 2006-ல் எலியின் முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிய நான்கு காரணிகளில் ஆக்ட்4-உம் ஒன்று. அதற்காகக் கடற்பஞ்சிலும் ஆக்ட்4 தேடுகிறார்கள். ஒத்த ஜீன் வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் மென்பொருள், ஆக்ட்4-இன் குடும்பமான பிஓயு-வில் ஏதோ ஒரு ஜீனை முதல் வரியில் கொண்டுவந்து நிறுத்தும், அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஆக்ட்4 சேர்ந்த பிஓயு5 கிளை முதுகெலும்பிகளுக்கே உரியது. முதலில் பரிணாம மரம் வரையுங்கள். பஞ்சின் ஸ்டெம் செல்லைத் தேடுவதென்றால் பிவி ஜீனில் தொடங்கலாம்.

எக்செல்

ஆக்ட்4 என்று தட்டினால் அக்டோபர் 4 ஆக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020-ல் செப்ட், மார்ச் வரிசை மனித ஜீன்களுக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

அனுமதி இல்லாமல் கடலில் இறங்குவது

கடல் அட்டை குடலையே வெளியே தள்ளிவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், இன்றும் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அடங்கிய தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் பஞ்சும் எடுக்க முடியாது. கடிதம் வரும்வரை பொதுத் தரவுத்தளங்களில் உள்ள தரவை எடுத்துப் பழகுங்கள். அதிலும் எந்த மாதிரி எந்த ரன்னில் போனது என்பதை முதலில் பாருங்கள்.