பள்ளிப் பெயர்மாற்றம்: அமெரிக்கப் பள்ளி வாரியங்கள் சறுக்கிய இடங்கள்

2021 ஜனவரி 26 அன்று சான் பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவது என்று 6–1 வாக்கில் முடிவெடுத்தது. ஏப்ரல் 6 அன்று அதே வாரியம் அந்த முடிவைத் தானே ரத்து செய்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களின் பெயரைக் குழந்தைகள் தினமும் சுமக்க வேண்டாம் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. அந்தக் கோரிக்கையைக் கவிழ்த்ததில், எதிர்த்தவர்களின் பங்கைவிட வாரியம் வேலை பார்த்த விதத்தின் பங்குதான் பெரிது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் இப்படி ஒரு விவாதம் வரலாம். மாற்றக் கேட்பவராக இருந்தாலும் மறுப்பவராக இருந்தாலும் இந்தத் தவறுகளைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போவது நல்லது.

ஆளைத் தேடுவதற்கு முன் பழைய கோப்புகளைத் தேடாதது

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். பெயருக்குரியவர் நல்லவரா கெட்டவரா என்று நேராகப் பாய்ந்துவிடுகிறார்கள். இந்தப் பெயரை யார், எந்த ஆண்டில், எதற்காக வைத்தார்கள் என்ற கேள்வி விட்டுப்போகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ரூஸ்வெல்ட் பள்ளி எந்த ரூஸ்வெல்ட்டின் பெயரைத் தாங்குகிறது, தியோடரா ஃபிராங்க்ளினா என்பதிலேயே குழப்பம் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் வீரர் பால் ரிவியர் 1779-இல் கலந்துகொண்ட பெனோப்ஸ்காட் படையெடுப்பு பிரிட்டிஷ் படைக்கு எதிரானது. பெயர்களை ஆராய வாரியம் அமைத்த குழுவோ அதைப் பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் நிலத்தைப் பறிக்கும் முயற்சியாக எடுத்துக்கொண்டது. வரலாற்று அறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும். ஒரு தவறு அம்பலமானதும், சரியாக இருந்த மற்ற ஆதாரங்களின் மீதும் ஊர் சந்தேகப்பட்டது.

பள்ளி திறந்த காலத்து வாரியக் கூட்டக் குறிப்புகளை மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். திறப்பு விழா நிகழ்ச்சி அட்டை, அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தித்தாள், முதல் ஆண்டு மலர் ஆகியவற்றை ஊர் நூலகத்தில் தேடுங்கள். பல சமயம் ஆண்டு ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா மாவட்டத்தில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்தரப்பின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் பெயரில் உயர்நிலைப் பள்ளி திறந்தது 1959-இல். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்த வர்ஜீனிய அரசு, பக்கத்து மாவட்டமான வாரனில் பள்ளியையே இழுத்துப் பூட்டியது 1958-இல். இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுவது, ஜாக்சனின் குணத்தைப் பற்றி மூன்று மணி நேரம் வாதிடுவதைவிட வலுவானது. அதே தாளில், ஜாக்சனின் புகழில் பெரும் பங்கு 1862-இல் அதே ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் நடந்த போருக்கு உண்டு என்பதையும் எழுதுங்கள். பெயரைக் காக்க நினைப்பவர்களின் முதல் வாதம் அது. அதை மறைத்தால் உங்கள் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுவது

44 என்ற எண்ணே சான் பிரான்சிஸ்கோவுக்கு வினையானது. அடிமை முறை, குடியேற்ற ஆதிக்கம், சுரண்டல் என்று குழு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் ஏதாவது ஒன்றில் மாட்டினால் போதும், பெயர் நீக்கப் பட்டியலில் ஏறிவிடும். ஒருவரின் முழு வாழ்க்கையையும் எடை போட அதில் இடமே இல்லை. வாஷிங்டன், லிங்கன், அப்போது உயிரோடு இருந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் எல்லாரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தளபதியும் அதை ஒழித்த அதிபரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டால், இடையில் நிற்கும் பெற்றோர் விலகிப் போவார்கள்.

பள்ளிக்கு ஒரு தீர்மானம் என்று தனித்தனியாகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். அவர் பெயர் பெற்றதே எந்தச் செயலால்? அந்தச் செயலே இன்று மறுக்கப்படுகிறதா, வாழ்க்கையின் வேறொரு பகுதியா? அவர் காலத்திலேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்களா? பெயர் வைத்தவர்கள் எதைப் போற்றி வைத்தார்கள்? இரண்டாவது கேள்விதான் பெரும்பாலான சண்டைகளைத் தெளிவாக்கும்.

அதிகாரம் யாரிடம், அறிவிப்பு எப்போது

பெரும்பாலான இடங்களில் பெயரை மாற்றும் அதிகாரம் பள்ளி வாரியத்துக்கு உண்டு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. வாஷிங்டன் நகரில் வுட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியை ஜாக்சன்-ரீட் ஆக்க 2021 டிசம்பரில் நகர மன்றமே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அலபாமாவில் 2017-இல் வந்த நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் பழைய பெயர்களைக் காக்கிறது. மீறினால் 25,000 டாலர் அபராதம். இது தெரியாமல் கையெழுத்து வேட்டையைத் தொடங்கினால், ஆறு மாத உழைப்பைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பீர்கள்.

கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் குறைந்தது 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும். என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதும் அதைப் படிப்பவருக்குப் புரிய வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் இந்தச் சட்டம் மீறப்பட்டது என்று முன்னாள் மாணவர் சங்கங்கள் வழக்குப் போட்டன. தீர்மானத்தை ரத்து செய், இல்லையேல் காரணம் சொல் என்று 2021 மார்ச்சில் நீதிபதி உத்தரவிட்டார். ஆகவே நிரலில் ‘பெயர்கள் குறித்த அறிக்கை’ என்று மழுப்பலாக எழுத விடாதீர்கள். பள்ளியின் இப்போதைய பெயரும் ‘நீக்குவது பற்றிய வாக்கெடுப்பு’ என்ற சொற்களும் அதில் இருக்க வேண்டும்.

அவசரம்

ஷெனன்டோவா வாரியம் ஜாக்சன் பெயரையும், தென்தரப்பின் வேறு இரு தளபதிகளின் பெயரைத் தாங்கிய ஆஷ்பி-லீ தொடக்கப் பள்ளியின் பெயரையும் நீக்க வாக்களித்தது 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில், ஊர் முழுக்கக் கூடிப் பேச முடியாத நேரத்தில். மவுன்டன் வியூ, ஹனி ரன் என்று புதுப் பெயர்கள் வந்தன. எங்களைக் கேட்கவே இல்லை என்ற குறை அடங்கவில்லை. 2022-இல் பழைய பெயரைக் கொண்டுவரும் முயற்சி 3–3 என்று நின்றது. அதற்குள் வாரியத்தின் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதம் 5–1 வாக்கில் பழைய பெயர்கள் திரும்பி வந்தன. ஜூனில் வழக்கு.

அந்தப் பெயர் போக வேண்டியதுதான் என்பதே எங்கள் கருத்து. அதனால்தான் இந்த அவசரம் வலிக்கிறது. நான்கு மாதம் எடுத்து மூன்று பொதுக் கூட்டங்கள் நடத்தியிருந்தாலும் பலர் எதிர்த்துத்தான் இருப்பார்கள். ஆனால் ‘கேட்கவில்லை’ என்ற ஆயுதம் அவர்கள் கையில் இருந்திருக்காது. ஒரு கூட்டமாவது பள்ளிக் கட்டடத்தில், மாலை ஏழு மணிக்கு மேல், வேலைக்குப் போகும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் நடக்கட்டும். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும்.

இரண்டு கேள்வியை ஒரே வாக்கில் கேட்பது

பழையதை நீக்கலாமா என்பது ஒரு கேள்வி, புதியது என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்தால், மாற்றத்தை விரும்பியும் புதுப் பெயரை விரும்பாதவர்கள் எதிரணியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் வாக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையில் குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள்.

பெயர் அனுப்புங்கள் என்று இணையத்தில் திறந்துவிடுவதும் ஆபத்து. ராபர்ட் ஈ. லீ தொடக்கப் பள்ளிக்கு 2016-இல் ஆஸ்டின் இப்படிக் கேட்டபோது அதிகம் வந்த பரிந்துரை டொனால்ட் டிரம்ப். கேலிப் பெயர்களும் குவிந்தன. பரிந்துரையோடு ஐந்து வரிக் காரணமும், பள்ளியோடு என்ன தொடர்பு என்பதும் கட்டாயம் என்று வைத்தால் பாதி தானாக வடிந்துவிடும். கருத்துக் கணிப்பில் மாணவர், பெற்றோர், ஆசிரியர், முன்னாள் மாணவர் எண்ணிக்கையைத் தனித்தனியாக வெளியிடுங்கள். 1970-இல் படித்தவர்களின் வாக்கும் இன்று வகுப்பில் இருப்பவர்களின் வாக்கும் ஒரே கூட்டல் கணக்கில் கரையக் கூடாது.

குறுக்குவழிப் பெயர்

கடைசியில் ஆஸ்டின் தேர்ந்தது ரஸ்ஸல் லீ என்ற புகைப்படக் கலைஞரின் பெயரை. ஹூஸ்டனில் கவிஞர் சிட்னி லேனியரின் இடத்துக்கு முன்னாள் மேயர் பாப் லேனியர் வந்தார். பலகையில் பாதி எழுத்து மிஞ்சும். ஆனால் ஊர் வாயில் அது பழைய பெயராகவே இருக்கும். சான் அன்டோனியோவில் லீ என்ற எழுத்துகளையே ஒரு சொற்றொடரின் முதலெழுத்துகளாக்கினார்கள். இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆர்லிங்டன் செய்தது இதைவிட நேர்மையானது. வாஷிங்டன்-லீ பள்ளி 2019-இல் வாஷிங்டன்-லிபர்ட்டி ஆனது. முதலெழுத்துகள் அப்படியே இருக்கின்றன, லீ போய்விட்டார். ஜாக்சன்-ரீட் இன்னும் அழகு. எட்னா ஜாக்சன் அந்தப் பள்ளியின் முதல் கறுப்பின ஆசிரியை, வின்சென்ட் ரீட் அதன் முதல் கறுப்பின முதல்வர். உயிரோடிருக்கும் அரசியல்வாதியைத் தவிர்த்துவிடுங்கள். மறைந்தவர் என்றால் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

செலவைப் பிறகு பார்ப்பது

ஹூஸ்டனில் எட்டுப் பள்ளிகளுக்கு ஆன செலவு ஏறக்குறைய 12 லட்சம் டாலர், அதாவது பள்ளிக்குச் சராசரியாக 1.5 லட்சம். வாசல் பலகை இதில் சின்னச் செலவு. பேண்ட் சீருடை, விளையாட்டுச் சீருடை, உள்ளரங்கின் மரத்தளத்தில் தீட்டிய சின்னம், ஸ்கோர்போர்டு ஆகியவைதான் பணத்தைத் தின்னும். சீருடைகளைப் புதுப்பிக்கும் சுற்று எப்போது வருகிறது என்று விளையாட்டுத் துறையிடம் கேட்டு, மாற்றத்தை அந்த ஆண்டோடு சேருங்கள். தொகையை வாக்கெடுப்புக்கு முன்பே வெளியிடுங்கள். பிறகு தெரியவந்தால், ஒளித்ததாகத்தான் பேச்சு எழும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை மறந்துவிடுகிறார்கள். விண்ணப்ப நேரத்தில் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும் தேர்வு நிறுவனத்தின் பதிவில் வேறு பெயரும் இருந்தால் பிள்ளைகள்தான் அலைவார்கள். ஜூலையில் மாற்றுங்கள், கல்வியாண்டின் நடுவில் வேண்டாம். கல்லூரித் தேர்வுகளுக்கான பள்ளிக் குறியீட்டு எண்ணின் பதிவில் புதுப் பெயர் ஏறிவிட்டதா என்று ஆலோசகரிடம் செப்டம்பருக்குள் உறுதி செய்யுங்கள். பழைய பட்டச் சான்றிதழ்களில் பழைய பெயர் அப்படியே இருக்கலாம் என்பதைத் தீர்மானத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் முன்னாள் மாணவர்களின் பாதிப் பதற்றம் குறையும்.

கோப்பைகளும் பழைய பலகையும் குப்பைக்குப் போகக் கூடாது. பள்ளி திறந்த காலத்துக் கூட்டக் குறிப்பு, இரு தரப்பும் பேசியவற்றின் பதிவு, இறுதி வாக்கு ஆகியவற்றோடு பள்ளி நூலகத்தில் ஒரு பெட்டியில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து வேறு வாரியம் வந்து இதே கேள்வியைத் திறந்தால், முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம்.