நுரையை நம்பாதீர்கள்: சோப்புத்தூளில் நாம் செய்யும் தவறுகள்

வாளியில் நுரை பொங்கவில்லை என்றால் பலருக்கு மனசு ஆறாது. இன்னொரு கைப்பிடி தூளை அள்ளிப் போட்டுவிடுவார்கள். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

அழுக்கை எடுப்பது நுரை இல்லை. டிடர்ஜென்ட் மூலக்கூறின் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெய்ப் பிசுக்கை நாடும். வால்கள் பிசுக்கில் குத்திக்கொள்ள, தலைகள் தண்ணீர்ப் பக்கம் நிற்க, பிசுக்கு சின்னச் சின்ன உருண்டைகளாகத் துணியை விட்டுக் கழன்று வருகிறது. இந்த உருண்டைகளுக்கு மிசெல் என்று பெயர். நுரையோ அதே மூலக்கூறுகள் காற்றைச் சுற்றிப் போட்ட மெல்லிய படலம், அவ்வளவுதான்.

ஓர் அளவைத் தாண்டிவிட்டால், எவ்வளவு கொட்டினாலும் தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரைத் துணிக்குள் எளிதில் ஊறவிடாமல் பிடித்து நிறுத்தும் இழுப்பு, அதற்கு மேல் குறையாது. பற்பசையிலும் ஆய்வகத்திலும் புழங்கும் சோடியம் டோடெசில் சல்பேட்டுக்கு, சுத்தமான தண்ணீரில் அந்த அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிராம்தான். அதற்கு மேல் போடுவது மிசெல்களின் எண்ணிக்கையைக் கூட்டும். மெக்கானிக்கின் சட்டைக்கு அது உதவும். ஒருநாள் போட்ட பள்ளிச் சீருடைக்குத் தேவையே இல்லை. மிச்சம் துணியிலேயே தங்கி விறைப்பைத் தரும், சிலருக்குத் தோல் அரிக்கும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் இன்னும் மோசம்: துணி மேலே போய் விழுந்து அடிபடுவதால்தான் அதில் அழுக்கு போகிறது. நுரை மெத்தை போல நடுவில் நின்றால் அந்த அடியே விழாது.

உப்புத் தண்ணீருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் தூளின் ஒரு பங்கைத் தின்றுவிடும், அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போடத்தான் வேண்டும். ஊர் மாறி வீடு மாறும்போது, அங்கே என்ன தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் பழைய அளவையே போட்டுக்கொண்டிருப்பதும் தவறுதான்.

சரி, கூடுதலாகப் போட்டது எங்கே போகிறது? சாக்கடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்துக் கிடந்தன. அன்றைய டிடர்ஜென்ட் மூலக்கூறின் வால் கிளைவிட்டு இருந்ததால் பாக்டீரியாவால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. 1960களின் நடுவில் கிளையில்லாத நேர்வால் மூலக்கூறுக்கு மாறினார்கள், நுரை அடங்கியது. இன்று நம் கைக்கு வரும் தூளிலும் பெரும்பாலும் அதுதான். ஆனால் அது சிதைய நேரமும் ஆக்சிஜனும் வேண்டும், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2019 இறுதியில் மழைக்குப் பிறகு சென்னை மெரினாவில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கியது நினைவிருக்கும். பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். சுத்திகரிக்காத சாக்கடை நீர் கலந்த நுரை அது. அதில் பிள்ளைகளை இறங்கவே விடக் கூடாது.

கறை

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு பட்டதும் மஞ்சள் போய் ரத்தச் சிவப்பாகும். பதறிப்போய் பிளீச்சை ஊற்றுகிறவர்கள் உண்டு. பதற ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் பாத்திரம் துலக்கும் லிக்விடைக் கறைமேல் தடவி எண்ணெயைக் கழற்றுங்கள். அலசிவிட்டு நல்ல வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, மிச்சக் கறையை வெயிலே வெளுத்துவிடும்.

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஊற்றுவது இன்னொரு தவறு. சூட்டில் புரதம் உறைந்து நூலோடு இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். இப்படிப்பட்ட புரதக் கறையை அறுக்கும் என்சைம் கலந்த தூளையும் கொதிக்கும் தண்ணீரில் கரைக்காதீர்கள். என்சைமும் புரதம்தான், வெந்துபோனால் வேலை செய்யாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள், போதும்.

அதே காரணத்தால் பட்டுப்புடவைக்கு இந்தத் தூள் ஆகவே ஆகாது. பட்டு இழையே புரதம். புரதத்தை அறுக்கும் என்சைமும் தூளின் காரமும் சேர்ந்து பட்டின் பளபளப்பைக் கெடுத்துவிடும். வீட்டில்தான் அலசுவது என்றால், காரம் இல்லாத மென்மையான திரவமோ பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ போதும். பூந்திக்கொட்டையில் இருக்கும் சபோனினும் தலை, வால் உள்ள மூலக்கூறுதான். ரொம்பக் காலமாகப் பட்டுக்கு அதைப் பயன்படுத்தி வந்தவர்களின் அறிவுக்குப் பின்னால் சரியான வேதியியல் இருக்கிறது.

துணியை மிருதுவாக்கும் திரவத்தைச் சோப்புத்தூளோடு சேர்த்து ஊற்றுவதும் வீண். தூள் எதிர்மின் வகை, திரவம் நேர்மின் வகை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, இரண்டின் வேலையும் கெடும். கடைசி அலசலில்தான் அதைச் சேர்க்க வேண்டும். துண்டுக்கு அதுவும் வேண்டாம், துண்டு ஈரத்தை உறிஞ்சாமல் போகும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கரைக்கக் காதி சோப்பு போடுவது சரி. அது இல்லையே என்று துணி துவைக்கும் தூளைப் போட்டால் இலையின் மெழுகுப் பூச்சு போய், இலை கருகும்.

அப்புறம், பள்ளிக் கண்காட்சிக்காக வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ எடுக்கும் பிள்ளைகள், சோப்புத் திரவம் விட்டதும் வேகமாகக் கலக்குவார்கள். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வைத் தானாகவே கரைக்கும். வேகமாகக் கலக்கினால் நீளமான இழைகள் அறுந்துபோகும், நுரையில் ஒன்றும் தெரியாது. மெதுவாகக் கிளறச் சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தான தவறு

இதுவரை சொன்னதெல்லாம் துணியும் காசும் சம்பந்தப்பட்டது. இனி சொல்வதை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாக வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும், சொல்லியே ஆக வேண்டும்.

கழிப்பறையில் கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட் ஊற்றாதீர்கள். கழிப்பறைக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சோடு சேர்ந்த கணமே குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் இப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால், ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில், குனிந்து தேய்க்கிறவரின் முகத்துக்கு நேராகவே தங்கி நிற்கும். கண் எரியும், தொண்டை கமறும், அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனரைச் சேர்ப்பதும் இதே போல ஆபத்து. ஒன்றைப் பயன்படுத்தினால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகே இன்னொன்று.

நெடி அடித்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து நல்ல காற்றுக்குப் போங்கள். மூச்சு இழுத்தாலோ இருமல் நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆசிட், பினாயில், சில்லறையில் வாங்கிய சோப்பு லிக்விட் எதையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போது நுரை மூச்சுக்குழாயில் இறங்கும், ஆசிட் என்றால் உணவுக்குழாய் மறுபடி வேகும். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். எதுவானாலும் டாக்டரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.